விதியைக் குறைத்ததால் விளையாட்டு கெட்டுவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறவர்கள் இருக்கிறோம் என்பது உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. மேசையைச் சுற்றி இருந்து ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வோம், அது சரிவருமா இல்லையா என்பதை இருபது முகத் தாயக்கட்டை முடிவு செய்யும். இப்போது எங்களுக்குள் பழைய விதியா புதிய விதியா என்று பிரச்சினை வந்து, பழையதில் ஊறிய அண்ணாமார் சிலர் மேசைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு அது உண்மையிலேயே கவலை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பும் 2003இல் அதைத் திருத்தி வந்ததும்தான் சரியான விளையாட்டு என்பது அவர்கள் கட்சி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கி "சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டு" ஆக்கிப்போட்டுதாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் பெறாமகள் தரம் 10 படிக்கிறாள். விளையாட்டில் கூரையில் இருந்து காவல்காரன் மேல் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். மூன்றாம் பதிப்பில் இதைச் செய்யப் போனால், முதலில் அவனுக்கு உங்களை அடிக்க ஒரு வாய்ப்பு, அந்த அடி பட்டால் முயற்சி அதோடு சரி, படாவிட்டால் நீங்கள் அவனைத் தொட முடிகிறதா என்று ஒரு உருட்டல், அதற்குப் பிறகு இரண்டு பேரும் பிடிக்காக உருட்டி, அதில் பலம், சண்டைப் பழக்கம், உடம்பின் பருமன் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எண் கூட்டி ஒப்பிட வேண்டும். புத்தகத்தைத் திறக்காமல் இதை முடித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒருதரம் உருட்ட, கூடின எண் வந்தவர் வெல்கிறார். அவள் வென்றாள், காவல்காரனின் வாயைப் பொத்தினாள், கதை அடுத்த அறைக்குப் போய்விட்டது. அதேபோல உயரத்தில் நின்றால் ஒன்று, இரண்டு பக்கமும் வளைத்தால் இரண்டு என்று கூட்டிக்கொண்டிருந்த சில்லறைக் கணக்குகளில் பெரும்பகுதிக்குப் பதிலாக ஒரே வழிதான்: சாதகம் இருந்தால் இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடு, பாதகம் என்றால் சின்னதை எடு. ஒருதரம் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

அதற்காக அண்ணாமாரின் ஆதங்கத்தில் நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய விதியில் உங்கள் பாத்திரம் ஒவ்வொரு படி ஏறும்போதும் திறமைகளுக்கென்று புள்ளிகள் கிடைக்கும், அவற்றை நீங்கள் விரும்பியபடி பிரித்துப் போடலாம். ஊர் ஊராகச் சுற்றிய வியாபாரி ஒருவன் கொஞ்சம் நீந்துவான், கொஞ்சம் கள்ளக் கையெழுத்துப் போடுவான், மூன்று பாஷை கதைப்பான் என்று அளந்து அளந்து ஒரு ஆளை உருவாக்கலாம். புதியதில் ஒரு வேலையில் பயிற்சி உண்டு அல்லது இல்லை, பெரும்பாலும் அவ்வளவுதான். ஆட்களை அப்படி மெனக்கெட்டுச் செதுக்கியவர்களுக்கு இது பெரிய இழப்பு. வருடக்கணக்காக மனப்பாடம் செய்த அறிவுக்கு மேசையில் திடீரென்று வேலை இல்லாமல் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் சுருக்குவது இந்த விளையாட்டுக்குப் புதிதில்லை. இதை உருவாக்கிய கைகக்ஸும் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் மூன்று சின்னப் புத்தகங்கள் புதியவர்களுக்கு இலேசில் விளங்காதவை. அதனால் 1977இலேயே தொடக்கக்காரருக்கென்று எளிய பெட்டி ஒன்று வந்தது. அதே வருடம் கடினமான விதிகளுக்கான தனி வரிசையும் தொடங்கியது. இரண்டும் பல வருடம் அருகருகே விற்றன. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது பிடிக்காதவர்கள் பழைய விதியைத் தொடர்ந்தார்கள், அந்த விதிகள் மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் இருந்தபடியால் அவற்றை வைத்தே வேறொரு நிறுவனம் 2009இல் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டை வெளியிட்டது. ஐந்தாம் பதிப்பையும் யாரும் அறைக்குள் பூட்டிக்கொண்டு எழுதவில்லை. 2012இல் இருந்து வரைவுகளை வெளியே விட்டு, விளையாடியவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் திருத்தினார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 2023 ஜனவரியில் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸை வெளியிடுகிற நிறுவனம் அந்தத் திறந்த உரிமத்தை இறுக்கப் போகிறது என்று தெரிந்ததும் உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், கடைசியில் நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் அதை மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். அப்படியென்றால் தமிழில் கொண்டுவர எங்களுக்குத் தடையே இல்லை. ஆங்கிலத்துக்குப் பயந்து மேசைக்கு வராமல் நிற்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்களுக்கு இந்தச் சுருக்கமான விதிகளைத்தான் தமிழில் கொடுக்க முடியும்.

இதற்கு அந்த அண்ணாமார்தான் வேண்டும். ஒரு விதி ஏன் இருக்கிறது, எடுத்தால் எங்கே இடிக்கும் என்பது எங்களைவிட அவர்களுக்கு வடிவாகத் தெரியும். உங்கள் இளைஞர் பக்கத்தில் இதைப் போட்டு உதவுங்கள். மொழிபெயர்க்க முதலில் உருட்டல் விதிகளும் சண்டை விதிகளும் போதும், மந்திரப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். பழைய பதிப்பை விளையாட விரும்புகிற நாட்களில் நாங்களும் வந்து இருக்கிறோம், கட்டிப்பிடி விதி உட்பட.

வாசகி,
கோண்டாவில்