போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்: எங்களையும் பேசப் பழக்குங்கள்

அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் முழுநேர ஊழியன் இல்லை. வேலைக்குப் போய்வந்து, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற விசுவாசி. நம் விசுவாசத்தை மற்றவர்களிடம் வெளிப்படையாகப் பகிர்வது பற்றி உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கத்தான் இந்த மடல். சுவிசேஷம் சொல்வதை மேடைக்கும் சிறப்புக் கூட்டத்துக்கும் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிவிட்டோம். எங்களைப் போன்றவர்கள் அன்றாடப் பேச்சில் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல எங்களைப் பழக்குங்கள். கேட்கிறவர் வேண்டாம் என்றால் அதை மனமார மதிக்கவும் பழக்குங்கள். முதலாவதை மட்டும் கற்றுக்கொண்டால் நாங்கள் முரடர்களாகிவிடுவோம், இரண்டாவதை மட்டும் கற்றுக்கொண்டால் ஊமைகளாகிவிடுவோம்.

ஸ்தேவான் கல்லெறியுண்டு மரித்த நாளில் எருசலேம் சபைக்குப் பெரிய துன்பம் வந்தது. அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் யூதேயா, சமாரியா நாடுகளில் சிதறிப்போனார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 8-ம் அதிகாரம் சொல்கிறது. பன்னிருவரும் எருசலேமில் இருக்க, வசனத்தைப் போகும் இடமெல்லாம் கொண்டுபோனவர்கள் சிதறினவர்களே. அப்புறம் 11-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். அந்தியோகியாவில் கிரேக்கரிடம் துணிந்து பேசியவர்கள் சீப்புருதீவையும் சிரேனே பட்டணத்தையும் சேர்ந்த சிலர். அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அங்கே எழுதவில்லை. எருசலேம் சபை பர்னபாவை அனுப்பியது அதற்குப் பிறகுதான். அவர் வந்து தேவனுடைய கிருபையைக் கண்டு சந்தோஷப்பட்டார். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது இந்த ஊரில்தான்.

சபைக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்கு மறுப்பு எழுதியபோது எடுத்துக்காட்டிய பகுதிகள் வழியாகத்தான் அதை அறிகிறோம். கம்பளி வேலைக்காரரும் செருப்புத் தைப்பவரும் துணி வெளுப்பவரும் வீடுகளுக்குள் இந்த மார்க்கத்தைப் பேசிப் பரப்புகிறார்கள் என்பது செல்சஸின் குறைகளில் ஒன்று. அவர் இழிவாகத்தான் சொன்னார். ஆனாலும் சுவிசேஷம் யார் வாய்வழியாகப் பரவியது என்பதற்கு, எதிரி எழுதி வைத்த இதைவிட நல்ல சாட்சி நமக்கு வேண்டுமா? பிள்ளைகளைத் தகப்பன்மாருக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார்கள் என்றும் அதே இடத்தில் குற்றம் சாட்டினார். அதை நாம் காதில் வாங்காமல் கடந்துவிடக் கூடாது. பின்னால் அதற்கு வருகிறேன்.

முதலில், சபையில் சாட்சி சொல்லும் நேரம். என் மனதை அதிகம் வருத்துவது இதுதான். பெரும்பாலும் யார் எழுந்து பேசுகிறார்கள்? வியாதி சுகமானவர், வேலை கிடைத்தவர், வீடு கட்டி முடித்தவர். அவர்கள் நன்றி சொல்வது நியாயம்தான், நானும் அவர்களோடு சேர்ந்து மகிழ்கிறேன். ஆனால் சுகமாகாத வியாதியோடு வாரம் தவறாமல் வந்து உட்காருகிற சகோதரி தனக்குச் சாட்சியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். பிள்ளையை இழந்த தகப்பனுக்கு அந்த நேரத்தில் இடமே இல்லை. இப்படி வாரா வாரம் கேட்டுக்கேட்டு, ஜெபம் பலித்த கதை இருந்தால்தான் இயேசுவைப் பற்றிப் பேசலாம் என்று எல்லாரும் பழகிவிட்டோம். வெளியே போய் நாங்கள் வாய் திறக்காததற்கு இது பெரிய காரணம். சொல்லும்படி எதுவும் நடக்கவில்லையே என்று உண்மையாகவே நம்புகிறோம்.

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அதை மறைக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். எத்தனையோ பேர் சுகமாகக் காரணமாயிருந்த அப்போஸ்தலர், உடன் ஊழியனை வியாதியோடு விட்டுவர வேண்டியிருந்தது, அதை ஒளிக்கவும் இல்லை. வேதம் இவ்வளவு நேர்மையாக இருக்கும்போது நம் சாட்சி நேரம் ஏன் அப்படி இல்லை? துக்கத்தில் இருக்கிற ஒருவர், தன்னைப் போலவே துக்கத்தில் இருந்துகொண்டு இன்னும் ஜெபிக்கிற ஒருவரின் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்பார். எல்லாம் சரியாகிவிட்டவரின் பேச்சு அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

சாட்சி என்றால் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்றும் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். யோவான் 9-ல் பிறவிக் குருடனாயிருந்து பார்வை பெற்றவனைப் பரிசேயர் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்ற விவாதத்துக்கு அவனிடம் பதில் இல்லை, தெரியாது என்றே சொல்லிவிடுகிறான். குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்கிறான். கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் ஊருக்குள் போய்ச் சொன்னதிலும் பாதி கேள்விதான்: "அவர் கிறிஸ்துதானோ?" எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் பேச வேண்டும் என்றால் இந்த இருவரும் பேசியிருக்கவே முடியாது. பயிற்சி வகுப்புகளில் மனப்பாட வசனங்களையும் படங்களையும் கொடுப்பதற்கு முன்னால், 'எனக்குத் தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்' என்று கூச்சப்படாமல் சொல்ல எங்களைப் பழக்குங்கள்.

நம்மில் சிலர் இதைக் கேட்டுவிட்டு, பேச்சே எதற்கு, நம் வாழ்க்கையே சாட்சியாக இருந்தால் போதாதா என்பார்கள். எப்போதும் பிரசங்கியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள் என்று அசிசி நகரத்துப் பிரான்சிஸ் சொன்னதாக அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. அவர் ஊர் ஊராகப் போய் வாய்திறந்து பிரசங்கித்தவர். 1219-ல், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், எகிப்தில் எதிர்ப்படையின் பாளயத்துக்குள் ஆயுதமில்லாமல் போய் சுல்தான் அல்-காமிலிடம் பேசியவர். சுல்தான் மதம் மாறவில்லை. பிரான்சிஸை மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார். 1221-ல் பிரான்சிஸ் தம் சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்கில், இஸ்லாமியர் நடுவே போகிறவர்கள் நடந்துகொள்ள இரண்டு வழிகள் சொல்லியிருக்கிறார். சண்டைக்கும் வாக்குவாதத்துக்கும் போகாமல், எல்லாருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று அறிக்கையிட்டு வாழ்வது ஒன்று. தேவனுக்குப் பிரியம் என்று கண்டால் வசனத்தை அறிவிப்பது மற்றொன்று. முதல் வழியில்கூட, தாங்கள் யார் என்பதை வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நல்ல வாழ்க்கை இல்லாத பேச்சு வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லவராக மட்டும் வாழ்ந்து வாயே திறக்காவிட்டால், பார்க்கிறவர்கள் அந்த நற்பெயரை நமக்குத்தான் கொடுப்பார்கள். இயேசுவுக்குப் போய்ச் சேராது. "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று ரோமருக்கு எழுதிய நிருபம் கேட்கிற கேள்விக்கு இன்றும் வேறு பதில் இல்லை.

சரி, எப்படிப் பேசுவது? பேதுரு தம் முதல் நிருபத்தின் 3-ம் அதிகாரத்தில் சொல்கிறார்: நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும். விசாரித்துக் கேட்கிற அளவுக்கு ஒருவர் நம்மோடு பழகியிருக்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. வேறு மார்க்கத்தைச் சேர்ந்த என் நண்பர் ஒருமுறை சொன்னார்: "உங்கள் ஆட்கள் என் கையில் சுவிசேஷக் கைப்பிரதியைக் கொடுக்கிறார்கள், எனக்காக ஜெபிக்கிறேன் என்கிறார்கள், ஆனால் என் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எம்மா ஊருக்குப் போகிற வழியில் இரண்டு சீஷர்களிடம் உயிர்த்தெழுந்த ஆண்டவரே முதலில் ஒரு கேள்விதான் கேட்டார். நீங்கள் துக்கமாய்ப் பேசிக்கொள்கிற காரியம் என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நடந்தார். பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும் முன்பு ஊரைச் சுற்றிப் பார்த்தார், அறியப்படாத தேவனுக்கு என்று எழுதியிருந்த பலிபீடத்தைக் கவனித்தார், அவர்களுடைய கவிஞரின் வார்த்தையையே எடுத்துச் சொன்னார். நாம் பக்கத்து வீட்டுக்காரரின் விசுவாசத்தைப் பற்றி அவருடைய வாயால் கேட்டதுண்டா? அவர் எதை நம்புகிறார், எதற்காக அழுகிறார் என்று தெரியாமலே, அவர் இருளில் கிடக்கிறார் என்று ஜெபக்கூட்டத்தில் சத்தமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லத் தயங்காத வார்த்தைகளால் மட்டும் அவருக்காக ஜெபியுங்கள்.

இனி எல்லைகள். செல்சஸின் குற்றச்சாட்டு நினைவிருக்கட்டும். சின்னப் பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் நம் விசுவாசத்தைத் திணிப்பதையும், மேலதிகாரி தன்கீழ் வேலை செய்கிறவரை ஜெபக்கூட்டத்துக்கு வரும்படி வற்புறுத்துவதையும், மருத்துவமனைப் படுக்கையில் எழுந்து போக முடியாமல் கிடப்பவரிடம் அவர் கேட்காமலே பிரசங்கம் செய்வதையும் சபை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும். முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ஒருவர் சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு?

உதவி விஷயத்தில் நமக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். கிறிஸ்தவத்தை விட்டு விலகி அதை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன், 362 வாக்கில் எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று மனம் நொந்தார். யார் என்று பார்க்காமல் கொடுத்தார்கள், அதனால்தான் அது அவர் கண்ணை உறுத்தியது. உதவியோடு நிபந்தனையைச் சேர்த்தால் அது விலை பேசுவதாகிவிடும். 2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றமும், மதங்களுக்கிடையிலான உரையாடலுக்கான வத்திக்கான் அமைப்பும், உலக சுவிசேஷக் கூட்டணியும் சேர்ந்து, பல மதங்கள் உள்ள உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டன. வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதற்குக் கிறிஸ்தவ ஊழியத்தில் இடமில்லை, பணம் முதலான எந்த ஆசையும் காட்டக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. மார்க்கம் மாறுவது பெரிய முடிவு, அதற்குப் போதுமான காலமும் முழுச் சுதந்தரமும் கொடுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பல விஷயங்களில் ஒத்துப்போகாத மூன்று பெரிய அமைப்புகள் இதில் ஒத்துப்போயின. நம் சபைகளில் எத்தனை பேர் அதை வாசித்திருக்கிறோம்?

எண்ணிக்கை கேட்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த மாதம் எத்தனை பேரிடம் சொன்னீர்கள், எத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று படிவத்தில் நிரப்பச் சொன்னால், எங்கள் கண்ணில் மனிதர் மறைந்து இலக்கம்தான் தெரியும். நட்டவர் ஒருவர், நீர்ப்பாய்ச்சினவர் ஒருவர், விளையச்செய்கிறவர் தேவன் என்று பவுல் எழுதியிருக்க, விளைச்சலுக்கு எங்களிடம் கணக்குக் கேட்பது சரிதானா? உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று கேட்ட ஐசுவரியவான் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு அவனைத் துரத்திக்கொண்டு போகவில்லை, நிபந்தனையைக் குறைக்கவும் இல்லை. அவனிடம் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். சமாரியர் கிராமம் ஏற்றுக்கொள்ளாதபோது வானத்திலிருந்து அக்கினியைக் கேட்ட யாக்கோபையும் யோவானையும் அதட்டிவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போனார். வேண்டாம் என்று சொன்ன நண்பரோடு அடுத்த வாரமும் பழையபடி சேர்ந்து சாப்பிட எங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் பதிலைப் பொறுத்து நம் நட்பு கூடிக் குறைந்தால், இத்தனை நாள் பழகியதும் தூண்டில்தான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

அப்புறம், வெளிப்படையாகச் சொல்ல முடியாதவர்கள். சிலருக்கு விசுவாசத்தை அறிவித்தால் வீடே போய்விடும். அவர்களைப் பிடித்து மேடையேற்றாதீர்கள். ஞானஸ்நானம் எடுத்தவரின் படத்தை அவரைக் கேட்காமல் எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். உதவி பெற்றவரின் படமும் அப்படித்தான். அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பயந்து அந்தரங்க சீஷனாக இருந்தவர். இயேசுவிடம் இரவில் வந்தவர் நிக்கொதேமு. சிலுவையிலிருந்து இயேசுவின் சரீரத்தை எடுத்து அடக்கம்பண்ண முன்வந்தவர்கள் அந்த இருவரும்தான். அவர்களுடைய வேளை எது என்று யாரும் நாள் குறிக்கவில்லை.

அடுத்த மூப்பர் கூட்டத்தில் இந்த மடலை வாசித்துப் பாருங்கள். சாட்சி நேரத்தில் மாதத்தில் ஒரு வாரத்தையாவது இன்னும் காத்திருக்கிறவர்களுக்கு ஒதுக்குங்கள். எண்ணிக்கைப் படிவங்களை நிறுத்துங்கள். 2011 ஆவணத்தை வாலிபர் கூட்டத்தில் வரிவரியாகப் படித்து விவாதிக்க ஏற்பாடு செய்யுங்கள். வேறு மார்க்கத்து நண்பர் ஒருவரை அழைத்து, நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்போம். என் நண்பரை நான் கேட்டுப் பார்க்கிறேன். அவர் வரச் சம்மதித்தால், அன்று யாரும் அவருக்குக் கைப்பிரதி கொடுக்க மாட்டார்கள் என்று உங்கள் சார்பில் நான் வாக்குக் கொடுக்கலாமா? பதிலை எதிர்பார்க்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் விசுவாசி ஒருவன்