கிறிஸ்துமஸ் மரத்தின் சொந்த ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொட்டியில் வளர்க்கும் கிறிஸ்துமஸ் மரம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர், வெயில், உரம் எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் அப்படிக் கூப்பிடும் மரங்களில் பல அராகேரியா என்ற ஊசியிலை மரக் குடும்பம். எங்கள் கோத்தகிரியில் ஒரு சர்ச் வாசலில் குக் பைன் ஒன்று நிற்கிறது. கிளை நுனியைக் கையில் பிடித்தால் பின்னிய கயிறு மாதிரி இருக்கும், மரமே தெற்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். (எந்த நாட்டில் நட்டாலும் இது பூமத்திய ரேகைப் பக்கமாகத்தான் சாய்கிறது என்று 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.) சொந்த ஊர் நியூ கலிடோனியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பிரான்ஸின் ஆட்சியில் இருக்கும் தீவு. உலகில் உள்ள சுமார் 20 அராகேரியா இனங்களில் 14 அங்கே மட்டுமே இயற்கையாக வளர்கின்றன.

குக் பைனுக்கு ஆபத்தில்லை, ஊர் ஊராகப் பரவிவிட்டது. கூடப்பிறந்தவைதான் தவிக்கின்றன. நெமோரோசா என்ற இனம் தீவின் தென்கோடியில் போர் புவாசே கரையோரத்தைச் சுற்றி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் நிக்கல். அந்தச் செம்மண்ணில் நிக்கல் மேலாகவே கிடப்பதால் ஆழமாகக் குடைவதில்லை, காட்டோடு சேர்த்து மலையின் மேல்மண்ணையே வழித்தெடுக்கிறார்கள், அப்புறம் மரம் மறுபடி வேர்விட அங்கே மண்ணே இருப்பதில்லை. தப்பித்ததைக் காட்டுத்தீ கொண்டுபோகிறது. 2017இல்தான் இன்னொரு அராகேரியாவைத் தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். வைத்த பெயர் கோரோ என்ற இடத்தின் பெயர். அங்குள்ள பெரிய நிக்கல் சுரங்கத்துக்கும் அதே பெயர்தான். படித்தபோது மனசு கேட்கவில்லை.

நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல். மின்சார வண்டி பேட்டரிகள் பலவற்றிலும் அதுதான். என் வீட்டுச் சொம்பு அந்தத் தீவிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை, ஆனால் நிக்கலுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதில் நம் அடுப்படிக்கும் பங்கு உண்டு. டிசம்பரில் மறுபடி இந்த மரத்தைப் பற்றி எழுதுவீர்கள் அல்லவா, அப்போது நெமோரோசாவின் படம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி