அந்தப் புத்தகத்தை மூடி வை

அன்பு மகளுக்கு,

அம்மம்மா போனில் சொன்னா, மருத்துவபீடம் தொடங்குமுன்பே நீ யாரிடமோ தடித்த உடற்கூற்றியல் புத்தகம் இரவல் வாங்கி வந்து இரவிரவாக எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்குகிறாயாம். மூடி வை, பிள்ளை. 206 எலும்பும் எங்கேயும் ஓடிப் போகாது. எலும்பைக் கையில் வைத்து, இந்த மேட்டில் எந்தத் தசை ஒட்டுகிறது, இந்தப் பள்ளத்தால் எந்த நரம்பு ஓடுகிறது என்று விரலால் தடவிப் படித்தால்தான் மனதில் நிற்கும். படத்தை மட்டும் பார்த்துப் பாடமாக்கினால், எலும்பைத் திருப்பிப் பிடித்தவுடன் இடது எது வலது எது என்று குழம்பும். ஐந்து வருடப் படிப்பு இது. களைத்த உடம்போடு போய் அதைத் தொடங்காதே.

கடலுக்குப் போ. இப்போது கச்சான் வீசும் காலம், திருகோணமலை நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி கடந்து வாடை தொடங்கினால் கால் நனைக்கவும் யோசிக்க வேண்டும். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அலை படுத்திருப்பதைப் பார்த்து ஏமாந்து, தங்கச்சியைக் காற்றடித்த மிதவையில் ஏற்றி விடாதே. கரையோரம் மெல்ல அசைவது போலத்தான் இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது கைக்கு எட்டாத தூரம் போயிருக்கும். வெறும் மிதவை போனால் போகட்டும், துரத்தி நீந்தாதே.

புறாமலைத் தீவுக்கு வெள்ளெனவே போங்கள். பின்னேரமானால் காற்று கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். 2003இலேயே அதைத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஒரு துண்டும் எடுத்து வரக்கூடாது. கரை முழுக்க உடைந்த முருகைதான், பழைய கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொள். முருகை கிழித்த காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே பொடி நின்று சீழ் கட்டும். உடனே நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் விட்டுத் தேய்த்துக் கழுவு. எரிகிறது என்று பாதியில் விடாதே. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களைக் கண்டால் பயப்படாதே, ஆளைக் கண்டால் அவையே விலகும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அம்மம்மாவையும் கூட்டிப் போ. ஏழு கிணறும் ஒரே சூடில்லை. ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்து, அவவுக்குச் சூடு குறைந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்று.

ஒரு கறி மட்டும் பழகிக்கொள், விடுதிச் சாப்பாடு அலுத்த நாளில் கைகொடுக்கும். கால் கோப்பை மைசூர்ப் பருப்பைக் கழுவி, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், இரண்டு பல்லு உள்ளி, ஒரு பச்சை மிளகாய் போட்டு அவி. மூடியை முழுக்க மூடினால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும், அரைவாசி திறந்து வை. பருப்பு மசிந்ததும் நெருப்பைக் குறைத்து இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து விடு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரை, கொதிநீரில் கட்டி பட்டுவிடும். பால் விட்டபின் தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துவிடும்; ஓரத்தில் குமிழி வரும்போதே உப்புப் பார்த்து இறக்கு.

ஒரு வேலையை மட்டும் பிற்போடாதே: ஹெபடைட்டிஸ் பி என்ற ஈரல் நோய்க்கான தடுப்பூசி. ஊசி முனையில் வருகிற ஆபத்து அந்த நோய், வார்டுக்குள் போகுமுன் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் போட்டதா என்று உன் பிள்ளைநலப் பதிவேட்டில் பார். போட்டிருந்தால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளக்கச் சொல். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் காட்டினால் போதும். குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை, காலம் போகப் போக அளவு இறங்குவது வழமை. ஒரு ஊசி போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். போடவே இல்லை என்றால் மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தபின் அழைக்கிறேன். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கிற மான்களுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதே, பையையும் சேர்த்துத் தின்றுவிடும். பதிவேட்டைக் கையில் வைத்திரு, சேர்ந்து பார்ப்போம்.

அம்மா