23 நிமிடத் தட்டு

அன்புள்ள இளங்கோ,

உன் செய்தி வந்தது. அடுத்த மாதம் உங்கள் வாசகர் கூட்டத்துக்கு அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் புக்கோவ்ஸ்கியின் 'போஸ்ட் ஆஃபீஸ்' நாவல், நடத்துவது நீ. வருகிற பதினைந்து பேரில் நாலு பேர் கிட்டங்கியிலும் பார்சல் வண்டியிலும் வேலை பார்ப்பவர்கள், மற்றவர்கள் கணினி வேலை. "சண்டை வந்துவிடுமோம்மா" என்று கேட்டிருக்கிறாய். வரும், கண்ணா. அது எந்தப் பக்கத்தில் வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு போ.

முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துத் தொடங்காதே. எல்லோரும் செய்கிற தப்பு அது. கிறிஸ்துமஸ் நேரத்துத் தற்காலிகத் தபால்காரனாகச் சேரும் கதாநாயகன் சினாஸ்கி, ஆரம்பத்திலேயே போகிற வீட்டுப் பெண்ணை அளந்து பார்க்கிறான். அங்கேயே அறை இரண்டாகிவிடும். ஒரு பாதி முகம் சுளிக்கும், மறு பாதி சிரிக்கும். அதன்பிறகு இரண்டு மணி நேரமும் அவன் நல்லவனா கெட்டவனா என்றே ஓடும். வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நாவலில் பாதிக்குமேல் இருப்பதோ வேலைதான்.

ஜி.ஜி. என்ற கிழவரின் அத்தியாயத்தில் தொடங்கு. இரண்டு மூன்று பக்கம்தான், நிதானமாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல் தபால்காரராகச் சேர்ந்தவர், இப்போது அறுபது தாண்டி எழுபதை நெருங்குகிறார். தன் பீட்டில், அதாவது தான் தபால் கொடுக்கும் தெருக்களில், இருக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். ஒரு நாள் ஒரு குழந்தையின் தாய் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு கத்திவிடுகிறாள். அதிலிருந்து மனிதர் தளர்ந்துபோகிறார். ஒரு காலை, கடை விளம்பரத் தாள்கள் ஒரு கட்டு கூடுதலாக வந்து சேர, பிரித்து முடிக்க முடியாமல் தலையைக் கவிழ்த்து அழுகிறார். சினாஸ்கி போய்ச் சொன்னால், சூப்பர்வைசர் கேட்பது அவர் பீட்டை யார் பார்க்கிறார்கள் என்பதுதான். மறுநாள் ஜி.ஜி. வரவில்லை. அவரைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் எதுவும் கேட்காதே, ஒரு நிமிடம் சும்மா இரு. பொதுவாக முதலில் பேசுவது அந்த மாதிரி வேலையில் இருப்பவராகத்தான் இருக்கும். 'எங்கள் ஷிஃப்டிலும் ஒருத்தர்' என்று ஆரம்பிப்பார். அவரை முடிக்க விடு. இடையில் யாராவது 'இலக்கியத் தரம்' பற்றிப் பேச வந்தால், அதை அரை மணி நேரம் தள்ளிப் போடு. அந்தக் கேள்வி தப்பில்லை. ஆனால் முதலில் வந்தால் நீ சொல்கிற அந்த நாலு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள், அதன்பிறகு திறக்கவே மாட்டார்கள்.

அடுத்தது தட்டு. இந்தப் பகுதியை மட்டும் பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடு. தபால் பிரிப்பவனாக உட்கார்ந்த பிறகு சினாஸ்கிக்கு வருகிற விசாரணை இது. இரண்டடி நீளத் தட்டு, அதிலுள்ள கடிதங்களை 23 நிமிடத்தில் அலமாரியின் சின்ன அறைகளில் பிரித்துப் போட்டு முடிக்க வேண்டும். அவனுக்கு 28 நிமிடம் ஆகிவிட்டது. அவன் பதில் சொல்கிறான்: எல்லாத் தட்டும் இரண்டடிதான், ஆனால் சிலவற்றில் மூன்று மடங்கு, நாலு மடங்கு கடிதம் இருக்கிறது. தடித்த உறைகள் உள்ள தட்டைச் சிலர் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறார்கள், மெல்லிய கடிதங்கள் நிரம்பியது மிச்சமிருப்பவன் தலையில் விழுகிறது. ஒருவனை அளக்க வேண்டுமானால் ஒரு தட்டை வைத்து அளக்காதே, பத்துத் தட்டையோ ஓர் இரவு முழுவதையுமோ வைத்து அள. நேரம் பார்த்துச் சோதித்த கணக்கு இது என்று மேலதிகாரி சொல்வதோடு சரி.

இதே நாவலில் இன்னொரு அளவும் வருகிறது. தெருக்களை மனப்பாடம் செய்து, நூறு அட்டைகளை 8 நிமிடத்துக்குள், நூற்றுக்கு 95 சரியாகப் போட வேண்டும். மூன்று வாய்ப்பு, மூன்றாவதிலும் தவறினால் வீட்டுக்கு. இங்கே உன் கேள்வி ஒன்றே ஒன்று: "உன் வேலையில் எதை அளக்கிறார்கள், அந்த அளவு எதைப் பார்க்காமல் விடுகிறது?" பார்சல் பையன் ஒரு நாளைக்கு எத்தனை கதவு என்பான், மாடிப்படி கணக்கில் இல்லை என்பான். கணினிக்காரப் பெண் எத்தனை டிக்கெட் (பதிவான புகார்) மூடினாள் என்பதைச் சொல்வாள். பத்து நிமிடத்தில் பதினைந்து பேரும் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது சண்டையை எடு. தள்ளிப் போட்டதாகத் தெரியக் கூடாது, நீயே தொடங்கு. கடிதம் கொடுக்கப் போன வீட்டில் சினாஸ்கி ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான். நகைச்சுவை போலவே எழுதப்பட்டிருக்கிறது. அவள் என்ன ஆனாள் என்பதைக் கதை திரும்பிப் பார்ப்பதில்லை. "அந்தக் காலம் அப்படி" என்று யாராவது சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதே. "கதாபாத்திரம்தானே" என்பார்கள். கதாபாத்திரம்தான். ஆனால் ஜி.ஜி.க்காக அவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த கண், இங்கே பார்க்க மறுக்கிறது. அந்தக் கோபம் வாசிப்புக்கு வெளியே இருந்து வருவதில்லை, எழுத்தின் ஓட்டையிலிருந்து வருகிறது. பெண்கள் அதைச் சொல்லும்போது ஆண்கள் சமாதானம் சொல்ல விடாதே. "எந்த வரி?" என்று கேள், அந்த வரியை அவர்களையே படிக்கச் சொல்.

இந்தக் குற்றச்சாட்டு புக்கோவ்ஸ்கி உயிரோடிருக்கும்போதே வந்ததுதான். 1985-ல் நெதர்லாந்தின் நெய்மேகன் நகர நூலகம், ஒரு வாசகர் புகார் கொடுத்ததும் அவருடைய சிறுகதைத் தொகுப்பை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. கெட்ட கறுப்பர்களையும் கெட்ட பெண்களையும் எழுதினால் புகார் வருகிறது, கெட்ட வெள்ளை ஆண்களை எழுதினால் வருவதில்லை என்று அவர் பதில் எழுதினார். புத்தகத்தை எடுத்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதில் மனிதர்களைச் சித்திரிப்பதற்குச் செல்லும், மேலே சொன்ன பக்கத்துக்குச் செல்லாது. இதைக் கூட்டத்தில் தயங்காமல் சொல்.

வேறு இரண்டு எதிர்வினைக்கும் தயாராக இரு. ஒன்று, சினாஸ்கியின் குடியைக் கொண்டாடுகிற இளைஞர். அவரிடம் வாதம் வேண்டாம். மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுந்தான், எந்தப் பீட், மழையா என்று அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல். இன்னொன்று, "இதை நானும் எழுதுவேனே" என்பவர். 'போஸ்ட் ஆஃபீஸ்' மூன்று வாரம் போல எழுதியதுதான். ஆனால் தபால்காரராகச் சில வருடம், பிரிப்பவராகப் பதினொரு வருடத்துக்கு மேல் இருந்து, மாதம் நூறு டாலர் தருகிறேன் என்று ஒரு பதிப்பாளர் சொன்ன பிறகு ஐம்பதை நெருங்கும் வயதில் வேலையை விட்டவர் எழுதியது. புத்தகம் 1971-ல் வந்தது. வாக்கியம் எளிது, 28 நிமிடம் எளிதில்லை.

வாசகன் எதைப் பிடித்துக்கொள்வான் என்பது எழுதியவன் கையில் இல்லை என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேரை நினைவில் வைத்துக்கொள். சிகாகோ இறைச்சித் தொழிலாளர்களுக்காக 'தி ஜங்கிள்' எழுதினார், 1906-ல் புத்தகமாக வந்தது. படித்தவர்கள் தொழிலாளியை விட்டுவிட்டுத் தங்கள் தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்தார்கள். அந்த வருடமே இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது, கூலி அப்படியே இருந்தது. நேர் எதிர் ஜப்பானில் நடந்தது. நண்டு டப்பா அடைக்கும் கப்பலைப் பற்றி 1929-ல் கோபயாஷி தகிஜி எழுதிய நாவலை, 2008-ல் ஒப்பந்த வேலையில் இருந்த இளைஞர்கள் தங்கள் கதையாகவே வாங்கிப் படித்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் அச்சானது. கோபயாஷி 1933-லேயே போலீஸ் காவலில் இறந்துபோயிருந்தார்.

நீ இருக்கிற ஹாம்பர்க்குக்கும் ஒரு சேதி உண்டு. புக்கோவ்ஸ்கி பிறந்தது ஜெர்மனியில், ஆண்டர்னாக்கில், 1920-ல். 1978-ல் ஹாம்பர்க் வந்து மார்க்ட்ஹாலே அரங்கில் கவிதை படித்தார். ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். கார்ல் வைஸ்னரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அவரை அங்கே அத்தனை பேரிடம் கொண்டுபோயிருந்தது. ஜெர்மன் படிக்கத் தெரிந்தவர் உங்களில் இருந்தால், தட்டுப் பகுதியை அந்த மொழியிலும் ஒருமுறை படிக்கச் சொல்.

பிரதி எடுக்கும்போது பதினைந்துக்குப் பதினெட்டாக எடு, சொல்லாமல் வருகிறவர்கள் இருப்பார்கள். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்ற முடியுமா என்று பார். சனி இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற பையன் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் தூங்கித்தான் போவான்.

அன்புடன்,
அம்மா