குழுக்கடனும் பக்கத்து வீட்டு ஜாமீனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, அடமானமின்றி வாங்கும் சிறுகடனான நுண்கடனின் வசூலில் நடக்கும் கெடுபிடிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வசூலுக்கு வருபவரின் தடித்த பேச்சே அவற்றில் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால், தவணை கட்ட முடியாத பெண்ணை நிறுவன ஊழியரைவிட அதிகம் நெருக்குவது, அவருடன் சேர்ந்து கையெழுத்திட்ட அண்டை வீட்டுப் பெண்கள்தாம் என்பதை யாரும் அதிகம் எழுதக் காணோம்.

எங்கள் ஊரில் செவ்வாய்தோறும் காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் குழு கூடுகிறது. ஒருவர் பணம் கொண்டுவரவில்லையென்றால், மற்றவர்கள் அந்தத் தொகையைப் போட்டு நிரப்பும்வரை யாரும் எழுந்துபோக முடியாது. களையெடுக்கப் புறப்பட்டவர்களும் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்களும் உட்கார்ந்திருக்க, வராதவரின் வீட்டுக்கு ஆள் போகும். ஊழியர் குரலை உயர்த்தவே தேவையில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும்.

ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாக மாதந்தோறும் கட்டும் தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. தமிழக அரசும் 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், பத்து மணிக்கு வாசலில் வந்து சத்தம் போடுபவர் சக உறுப்பினராக இருக்கும்போது எந்த விதியைக் காட்டுவது? கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தின் மாத வருமானத்தை விண்ணப்பத்தில் யார், எதைப் பார்த்து நிரப்புகிறார்கள் என்பது தனிக் கதை.

இந்தக் குழு ஜாமீன் முறையை உலகறியச் செய்தது வங்கதேசத்தின் கிராமீன் வங்கி. அந்த வங்கியே 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டுவிட்டது. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய நாடுகளிலும் நமது ஹைதராபாத்திலும் நடத்தப்பட்டு 2015இல் ஒருசேர வெளியான ஆய்வுகளும், நுண்கடனால் ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கை பெரிதாக மாறியதாகக் காட்டவில்லை. தொழில் கடன் என்று எழுதப்படும் பணம் பெரும்பாலும் மருத்துவமனைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்குமே போவதைக் கண்ணால் காண்பவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அதற்காக நுண்கடன் நிறுவனங்களை ஒரேயடியாக மூடிவிடவும் முடியாது. ஆந்திரத்தில் 2010இல் இந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் வந்ததும் நுண்கடன் ஏறக்குறைய நின்றேபோனது. ஏழைகளின் பணத்தேவை நிற்கவில்லை. கூட்டுறவு வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எங்களிடம் வந்தவர்களில் நகை உள்ளவருக்கு நகைக்கடனும் நிலம் உள்ளவருக்குப் பயிர்க்கடனும் கிடைத்தன. இரண்டும் இல்லாதவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். அவர்களே இன்று அந்தத் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, ஒருவர் கட்டத் தவறிய தவணையை மற்ற உறுப்பினர்களிடம் வசூலிப்பதை ரிசர்வ் வங்கி வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். அத்துடன், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், நகையும் நிலமும் இல்லாத குடும்பங்களுக்கு மருத்துவச் செலவுக்கென அடமானமில்லாச் சிறுகடன் வழங்கத் தமிழக அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.