துளையைச் சுருக்கினால் தெளிவு அதிகரிக்காது

ஆசிரியருக்கு, வணக்கம்.

பூச்சிகளை மேக்ரோவில், அதாவது மிக நெருங்கிப் பெரிதாக, படமெடுப்பது பற்றிய கட்டுரையில், லென்ஸ் துளையை எஃப் 22-க்குச் சுருக்கச் சொல்லியிருந்தீர்கள் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). படம் மங்கத்தான் செய்யும். பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழும் 1:1 அளவுக்கு நெருங்கினால் எஃப் 11 என்பதே நடைமுறையில் ஏறக்குறைய எஃப் 22 ஆகிவிடுகிறது. அதற்கு மேலும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, ஈயின் கண்ணில் உள்ள நுண்ணறைகள் கரைந்துபோகும். எஃப் 8 முதல் 11 வரை போதும்.

முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) அப்போது கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, கேமராவையே முன்பின்னாக மெல்ல நகர்த்தி, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்த வேண்டும். பக்கவாட்டில், சென்சாருக்கு இணையாகப் பூச்சி இருந்தால் தலை முதல் வால்வரை ஓரளவு அடங்கும்.

பிளாஷை முழுத் திறனில் எட்டில் ஒரு பங்குக்குக் (1/8) கீழே வையுங்கள். வெளிச்சம் பாயும் நேரம் குறைவதால் கை நடுக்கம் தெரியாது. வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்தால், பிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் சிறியது, அல்லது தள்ளி இருக்கிறது.

அதே கட்டுரையில், பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கும் யோசனையை அச்சிட்டிருக்கவே வேண்டாம். விடியற்காலைக் குளிரில் அவை தாமாகவே அசையாமல் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்