அந்தக் கார்டை இப்போதைக்கு விற்காதே

அன்புள்ள குமரேசு,

பதில் போட இவ்வளவு நாளாக்கியதற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிவா எப்போதும்போல்தான் இருக்கிறான், சிகரெட் உட்பட. உன் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு, டிசைன் வேலைக்கென்றே விற்கும் ஒர்க்ஸ்டேஷன் கார்டு வாங்கப் போகிறாய் என்று அவன்தான் சொன்னான். அன்று மினி டிராஃப்டர் என்கிற வரைபடக் கருவி விஷயத்தில் அவசரப்பட்டதுபோல் மறுபடி அவசரப்படாதேடா. இதைப் படித்து முடிக்கும்வரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதே.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உன் 3060-க்குள் இருப்பது ஜிஏ106 என்கிற சிப். கடைக்காரர் காட்டும் ஏ2000 கார்டுக்குள்ளும் அதே ஜிஏ106தான். உன்னுடையதில் கணக்குப் போடும் சிறு அலகுகள், அதாவது கோர், 3584, அதில் 3328. உன்னுடையது 170 வாட் இழுக்கும், அது 70 வாட்டில் ஓடும். வெறும் பலத்தைப் பார்த்தால் உன் கார்டுதான் ஒரு படி மேல். பிறகு எப்படி நீ மாடல் வரையும் சாலிட்வொர்க்ஸில் மட்டும் ஏ2000 முந்துகிறது? எல்லாம் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் செய்யும் வேலை. சாலிட்வொர்க்ஸ் திரையில் வரைவது ஓப்பன்ஜிஎல் வழியாக, அதாவது படம் வரையச் சொல்லி மென்பொருள் கார்டுக்குக் கட்டளை கொடுக்கும் ஒரு முறை வழியாக. விளிம்புக் கோடுகளைப் பிசிறில்லாமல் போடுவது, ஒரு பரப்பின் இரண்டு பக்கத்துக்கும் வெளிச்சம் கணக்கிடுவது என்று கேட் (கணினியில் வடிவமைக்கும்) மென்பொருளுக்கு மட்டுமே அதிகம் தேவைப்படும் வேலைகள் சில இருக்கின்றன. ஒர்க்ஸ்டேஷன் டிரைவரில் அவற்றுக்கு அகலமான பாதை, உன் 3060 சேர்ந்த ஜிஃபோர்ஸ் வகைக் கார்டுகளின் டிரைவரில் ஒற்றையடிப் பாதை. ஊகத்தில் சொல்லவில்லை. 2017-இல் டைட்டன் எக்ஸ்பி கார்டுக்கு, இந்தக் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியா ஒரு டிரைவர் விட்டது. கார்டில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஆனால் சில தொழில்முறை மென்பொருள்களில் வேகம் மூன்று மடங்கு வரை கூடும் என்று அவர்களே அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சிப்புக்குள் இருக்கும் திறனை இப்படிப் பூட்டி வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இருந்தாலும் கோபத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். உன் அசெம்பிளி (பல பார்ட் சேர்ந்த மாடல்) எங்கே திணறுகிறது என்று முதலில் பார்.

அந்தப் பெரிய பம்ப் அசெம்பிளியைத் திற. "ஷேடட் வித் எட்ஜஸ்" காட்சியில் நடு பட்டனைப் பிடித்துச் சுழற்று. பிறகு எட்ஜஸ் இல்லாத வெறும் "ஷேடட்" காட்சிக்கு மாற்றி அதேபோல் சுழற்று. கோடுகள் போனதும் வழுக்கிக்கொண்டு சுழன்றால் நான் மேலே சொன்ன டிரைவர் விவகாரம்தான். அப்போது ஏ2000-ஐப் பற்றி யோசிக்கலாம். இரண்டிலும் ஒரே திக்கல் என்றால், திரையில் வடிவத்தைக் காட்ட மாடலை உடைத்துப் போடும் சிறு முக்கோணங்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறி இருக்கின்றன.

அடுத்து டாஸ்க் மேனேஜரில் சிபியு வரைபடத்தை வலது க்ளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றிக்கொண்டு, சாலிட்வொர்க்ஸில் கண்ட்ரோல்-க்யூ அடி, மாடல் முழுவதும் மறுபடி கட்டப்படும் (ரீபில்டு). ஒரே ஒரு கோர் உச்சத்தில் நிற்கும், மற்றவை சும்மா இருக்கும், ஜிபியு தூங்கும். மாடலைக் கட்டிய படிகளின் பட்டியலான ஃபீச்சர் ட்ரீயில் ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் மேல் உட்கார்ந்திருப்பதால் வேலையைப் பெரும்பாலும் பிரித்துக் கொடுக்க வழியில்லை. உன் குறை ரீபில்டு நேரம் என்றால் எந்தக் கார்டு வாங்கினாலும் ஒரு நொடிகூட மிச்சமாகாது. அந்தப் பணத்தை ஒற்றைக் கோர் வேகம் கூடுதலாக உள்ள சிபியுவில் போடு.

முக்கோணம்தான் பிரச்சினை என்றால் செலவே இல்லை. ஃபிளேஞ்ச் போல்ட்டுகளில் மரையை ஹீலிக்ஸ் (சுருள்) போட்டு நிஜமாகவே வெட்டி வைத்திருக்கிறார்களா என்று பார். உன் பையன்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒரு போல்ட்டில் அது அழகாகத்தான் இருக்கும். அதுவே அசெம்பிளி முழுக்க நூறு இடத்தில் உட்கார்ந்தால் கார்டு மூச்சு வாங்கும். மரையைப் படமாக மட்டும் காட்டும் காஸ்மெட்டிக் த்ரெட் போதும். மோட்டார் சப்ளையர் கொடுத்த ஸ்டெப் ஃபைலில் (எல்லா கேட் மென்பொருளும் திறக்கும் மாடல் ஃபைல்) உள்ளே பேரிங் உருண்டைவரை இருக்கும். உள் விவரங்களை நீக்கும் டிஃபீச்சர் செய்து வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொள். டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் இமேஜ் குவாலிட்டி ஸ்லைடர் சிவப்புப் பகுதியில் நின்றால் இடப்பக்கம் தள்ளு. அசெம்பிளியில் இருந்துகொண்டே எல்லா பார்ட்டுக்கும் சேர்த்து மாற்ற அதற்குக் கீழேயே ஒரு டிக் இருக்கிறது.

கார்டு பக்கமும் சில வேலை பாக்கி இருக்கிறது. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா என்று குனிந்து பார்த்துவிடு. இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்கிற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, முன்பே இறக்கி வைத்த ஸ்டூடியோ டிரைவரை (டிசைன், வீடியோ வேலைகளுக்கென என்விடியா தருவது) போடு. இன்டர்நெட் இருந்தால் நடுவில் விண்டோஸ் தன் டிரைவரைத் தானே போட்டுவிடும். ஸ்டூடியோ டிரைவரால் அந்த ஓப்பன்ஜிஎல் பூட்டு திறக்காது, ஆனால் புதுக் கேமுக்காக அவசரமாக வெளிவரும் டிரைவர்களின் தொல்லை இருக்காது. பிறகு எந்த ஃபைலும் திறக்காமல் சிஸ்டம் ஆப்ஷன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போ. "யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல்" டிக் ஆகியிருந்தால் இத்தனை நாளும் படம் வரைந்தது சிபியுதான், உன் கார்டு அல்ல. அதை எடுத்துவிடு. எடுக்கவே விடவில்லை என்றால் டிரைவர் சரியாக உட்காரவில்லை. "என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்" டிக்கும் இருக்க வேண்டும். பெரிய அசெம்பிளியைச் சுழற்றும்போது வித்தியாசம் தெரியும்.

தேர்ந்தெடுத்த முகம் நிறம் மாறவில்லை, ஸ்கெட்ச் கோடு இழுக்கும்போது மறைகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? கோளாறு கண்டுபிடிக்க உதவும் சாலிட்வொர்க்ஸ் ஆர்எக்ஸ் திறந்து, சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல் முறையில் தொடங்கி அதே வேலையைச் செய்து பார். கோளாறு போய்விட்டால் குற்றவாளி டிரைவர். அப்படியே இருந்தால் ஃபைலையோ இன்ஸ்டாலேஷனையோ பார்க்க வேண்டும்.

மாடலை நிஜப் பொருள்போல் காட்டும் ரியல்வியூ பட்டன் மங்கிக் கிடப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அதை எழுப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் கொடுக்கும் மெஷினில் அதைச் செய்யாதே. அது கண்ணுக்கு அழகு மட்டும்தான், வேகம் தராது. பதிப்பு மாறினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்குவதென்றே முடிவானால் இதைக் கவனி. ஏ2000-இல் 6 ஜிபி மெமரி, 12 ஜிபி மெமரி என இரண்டு வகை உண்டு. உன் 3060 12 ஜிபி. நீ சாலிட்வொர்க்ஸ் விஷுவலைஸில் ரெண்டர் (புகைப்படம்போல் படம்) செய்கிறவன், அங்கே ஜிஃபோர்ஸுக்கு எந்தத் தடையும் இல்லை, கோரும் மெமரியும்தான் பேசும். 6 ஜிபி கார்டை வாங்கினால் காசும் போகும், ரெண்டரும் பின்வாங்கும். "சிமுலேஷனுக்கு டபுள் பிரிசிஷன் வேண்டும்" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் காதில் வாங்காதே. அதிக இலக்கத் துல்லியத்தோடு போடும் அந்தக் கணக்கில் இரண்டு கார்டும், சாதாரணத் துல்லியமான சிங்கிள் பிரிசிஷன் வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். ஆட்டோகேடும் இன்வென்டரும் ஓப்பன்ஜிஎல்லில் அல்ல, டைரக்ட்எக்ஸில் வரைபவை, அதனால் அந்த டிரைவர் பூட்டு அங்கே இடிக்காது. பாலு அண்ணன் ஆபீஸில் அவை மட்டும்தான் ஓடுகின்றன என்றால் அவரையும் தடுத்து நிறுத்து. மாறாக, நாளைக்கு என்எக்ஸ் என்கிற கேட் மென்பொருளில் வேலை எடுக்கப் போகிறாய் என்றால் யோசிக்காமல் ஒர்க்ஸ்டேஷன் கார்டு வாங்கு, ஜிஃபோர்ஸ் அங்கேதான் ரொம்பவும் அடி வாங்கும். கிராஷ் ஆகும்போது சப்போர்ட்டை நம்பியிருக்கும் ஆபீஸ் என்றாலும் மென்பொருள் நிறுவனத்தின் சர்டிஃபைடு பட்டியலில் உள்ள கார்டும் டிரைவரும்தான் சரி.

அந்த அசெம்பிளியை அதன் எல்லா ஃபைலோடும் சேர்த்துக் கட்டும் பேக் அண்ட் கோ செய்து ஜிப்பாக அனுப்பு. எட்ஜஸ் போட்டும் போடாமலும் என்ன ஆனது என்று ஒரு வரி எழுது. சனிக்கிழமை மாலை போன் செய்கிறேன். அதற்குள் கடைக்காரர் அவசரப்படுத்தினால் என் நம்பரைக் கொடு.

அன்புடன்,
ரவி